பல்லுக்கு கிளிப் போட்ட முதல் பத்து நாள்: வலி, புண், சாப்பாடு பற்றி ஒரு முழு வழிகாட்டி

கிளிப் போட்டு முடித்து நாற்காலியிலிருந்து இறங்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. வாய்க்குள் யாரோ ஜன்னல் கம்பி பொருத்தியது போல ஒரு கனம், உதடு கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிற உணர்வு, அவ்வளவுதான். இதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். 31 வயதில் கிளிப் போட்டுக்கொண்டு மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து, இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று நேராக ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலையில் இட்லியைக் கடிக்க முடியவில்லை. இட்லியை! மதியம் அலுவலகத்துக்கு எடுத்துப் போன டப்பாவில் சப்பாத்தி இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்து, இரண்டு டம்ளர் பால் குடித்து, சாயங்காலம் வரை யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

அந்த எரிச்சலில் பாதிதான் வலி, மீதி பசி என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. வலி வரும் நேரமும் போகும் நேரமும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான், தானாகவே இறங்கிவிடும். பசிக்குத்தான் நீங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் மருந்தைவிடச் சமையலறை அதிகம் வரும்.

வலி ஏன், எப்போது வரை

பல் எலும்பில் சிமெண்ட் வைத்துப் பூசியது போல ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப் படலம் மெத்தை மாதிரி இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாக அழுத்தும்போது அந்த மெத்தை நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் அங்கே சுரக்கின்றன. வலியைக் கிளப்புவதும் அவைதான், அந்தப் பக்கத்து எலும்பைக் கரைக்கிற செல்களை வேலைக்குக் கூப்பிடுவதும் அவைதான். எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும் என்பதால்தான் வலி உடனே வருவதில்லை. நாலைந்து மணி நேரம் கழித்து ஆரம்பித்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், மூன்றாம் நாளிலிருந்து இறங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பல்லைத் தொட்டால் லேசாக ஆடுவது போலவும் இருக்கும். நான் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்துப் பயந்தேன். நகர்கிற பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நீங்கள் ஆட்டிப் பார்க்காதீர்கள்.

போடுவதற்கு முந்தைய வாரம்

சிலருக்குக் கடைவாய்ப் பல்லில் பேண்ட் என்கிற உலோக வளையம் மாட்டுவார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று சுமார் ஒரு வாரம் முன்பே பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் செருகுவார்கள், அதுதான் செப்பரேட்டர். மட்டன் நார் சிக்கிக்கொண்டது போலவே இருக்கும், கை தானாகப் பல் குத்துகிற குச்சியைத் தேடும். குத்தாதீர்கள், அந்த இடுக்கில் ஃபிளாஸும் விடாதீர்கள். வளையம் விழுந்துவிட்டால் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கிளிப்பைவிடச் செப்பரேட்டர்தான் வலித்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

அப்பாயிண்ட்மென்ட்டை முடிந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்கு வாங்குங்கள். உச்சகட்ட வலி சனி, ஞாயிறில் வீட்டோடு போய்விடும், திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வாங்கி வைக்க வேண்டியது: கிளிப் போட்டவர்களுக்கான மெழுகு இரண்டு டப்பா (கிளினிக்கில் ஒன்று தருவார்கள், அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்), நடுவில் பள்ளம் வெட்டிய ஆர்த்தோ பிரஷ், பல் இடுக்கில் விடுகிற குட்டி பிரஷ், பாரசிட்டமால். சமையலறையில் இட்லி மாவு, தயிர், முட்டை, பாசிப்பருப்பு, நொய், வாழைப்பழம். பருப்பை முதல் நாளே குழைய வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இரண்டு நாளைக்கு எதில் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அப்புறம் முக்கியமான ஒன்று, உங்களுக்குப் பிடித்த மொறுமொறு சமாச்சாரம் எதுவோ அதை அந்த வாரமே ஆசை தீரச் சாப்பிட்டுவிடுங்கள்.

முதல் 48 மணி நேரம்

வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடுவதைவிட, கிளிப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒன்று போட்டுக்கொண்டால் முதல் ராத்திரி சுலபமாகப் போகும். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். சளி, காய்ச்சலுக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் பாரசிட்டமால் இருக்கலாம், இரண்டும் சேர்ந்து அளவு கூடிவிடும். கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து அளவு, அதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

ஐபுப்ரோஃபென் போடலாமா என்று மருந்துக்கடையில் எல்லாரும் கேட்கிறார்கள். மேலே சொன்ன புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துத்தான் அது வேலை செய்கிறது, பல் நகர்வதற்கே அது தேவைப்படுவதால் பல டாக்டர்கள் முதலில் பாரசிட்டமாலையே சொல்கிறார்கள். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகவே வேண்டாம்.

குளிர்ச்சி நிஜமாகவே உதவும், அதற்கு ஒரு சுவாரசியமான காரணமும் இருக்கிறது. ஆரம்பத்தில் போடுகிற மெல்லிய கம்பி பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம் கலவை. அதில் ஒரு வகை உடல் சூட்டில் விறைத்துப் பல்லை இழுக்கும், குளிரில் தளர்ந்துவிடும். ஜில்லென்று ஒரு வாய் தண்ணீரை அரை நிமிடம் வாயில் வைத்திருந்தால் இழுப்பு கொஞ்ச நேரம் குறைவது தெரியும். கொதிக்கக் கொதிக்க ஃபில்டர் காபி குடித்தால் இதற்கு நேர் எதிர். காபியை விடச் சொல்லவில்லை, அது என்னாலும் முடியாது, இரண்டு ஆற்று கூடுதலாக ஆற்றிக் குடியுங்கள். மோர், இளநீர், நுங்கு எல்லாம் இந்த ஊர் கொடுத்த வரம், சித்திரை வெயிலில் கிளிப் போட்டவர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள். ஐஸ்கட்டியைக் கடித்து நொறுக்குவது மட்டும் கூடாது, அதில் பிராக்கெட் (கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் குட்டித் துண்டு) கழன்றுவிடும்.

கிராம்புத் தைலம் தடவு என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். இது சொத்தைப் பல் வலி இல்லை, எல்லாப் பல்லும் சேர்ந்து வலிக்கிறது, எதில் தடவுவது? ஏற்கெனவே உரசிச் சிவந்த ஈறில் பட்டால் எரிச்சல்தான் மிச்சம்.

சாப்பாடு: நாள் கணக்கில்

முதல் மூன்று நாள் விதி ஒன்றுதான், மெல்லாமல் விழுங்கக்கூடியது. நொய்க் கஞ்சி, கரைத்த ரசம் சாதம், குழைந்த தயிர் சாதம், கேழ்வரகுக் கூழ், தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், ஆப்பத்தின் நடுப்பகுதி, பப்பாளி, சப்போட்டா. இட்லியைப் பிய்த்து சாம்பாரில் பத்து நிமிடம் மூழ்கவிட்டு ஸ்பூனால் மசித்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே நசுக்கினாலே போதும், பல்லுக்கு வேலையே இல்லை. வெண்பொங்கல் அருமையான சாப்பாடு, ஆனால் முழு மிளகும் முந்திரியும் ஒளிந்திருக்கும், ஒரு மிளகு வலிக்கிற பல்லுக்கு நடுவே மாட்டினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பொடித்துப் போடச் சொல்லுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் ஒரு தப்பு செய்கிறார்கள். கஞ்சி, ஐஸ்கிரீம், மில்க் ஷேக் என்று மூன்று நாள் ஓட்டிவிட்டு, தலை சுற்றுகிறது, கிளிப் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது பட்டினிதான். ஒவ்வொரு வேளையும் புரதம் ஏதாவது இருக்கட்டும்: பருப்புக் கடைசல், ஈரப்பதமாக எடுத்த முட்டைப் பொடிமாஸ், தயிர், பன்னீரை உதிர்த்துப் போட்ட கிச்சடி. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என் ஓட்டு சுறாப் புட்டுக்கு, முள் கிடையாது, உதிரியாக இருக்கும், ரசம் சாதத்தோடு மெல்லாமலே இறங்கும். எங்கள் வீட்டில் அந்த வாரம் மட்டும் மூன்று தடவை செய்தார்கள். மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிட முடியாது, அதனால் ஐந்தாறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

நாலாம் நாளிலிருந்து ஊத்தப்பம், ரவா உப்புமா, குழைய வேகவைத்த காய், பருப்பில் ஊறிய சப்பாத்தி என்று ஏறலாம். இப்போது கற்றுக்கொள்ள வேண்டியது வெட்டுகிற பழக்கம். முன்பல்லால் கடித்து இழுக்கிற சாப்பாடு எதுவுமே இனி இல்லை. தோசையை நகம் அளவுக்குப் பிய்த்து, ஆப்பிளைச் சீவல் மாதிரி நறுக்கி, நேராகக் கடைவாயில் வைத்து மேலும் கீழுமாக மெல்ல மெல்லுங்கள். நான் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலே வைத்திருந்தேன், சப்பாத்தியைக் கீற்றாக வெட்ட. அலுவலகத்தில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சிலருக்கு மேல், கீழ் பல் இடித்து பிராக்கெட் உடையக்கூடாது என்று கடைவாய்ப் பல்லில் குட்டித் திட்டு மாதிரி ஒன்று வைப்பார்கள். அவர்களுக்கு வாய் முழுதாக மூடாது, மெல்லும்போது இரண்டே புள்ளிகளில்தான் பல் சேரும், சாதம் மட்டும்தான் நண்பன். இரண்டு வாரத்தில் அதற்கும் வாய் பழகிவிடும்.

பத்து நாளுக்கு மேல் பிரியாணி சாப்பிடலாம், கறியை எலும்பிலிருந்து பிய்த்து நாராக்கிக்கொண்டால். சாம்பார் வடை ஊற ஊறச் சாப்பிடலாம். பரோட்டாவை நன்றாகக் கொத்திச் சால்னாவில் ஊறவிட்டால் பரவாயில்லை. அப்பளத்தைச் சாம்பார் சாதத்தில் நொறுக்கிப் போட்டுப் பிசைந்தால் பிரச்சினையே இல்லை.

கிளிப் இருக்கிற காலம் முழுக்க வேண்டாம் என்கிற கூட்டம் தனி. முறுக்கு, தட்டை, சீடை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், கமர்கட், ஜவ்வு மிட்டாய், தேங்காய்ச் சில்லு, காய்வெட்டு மாங்காய், முழுக் கொய்யா, சோளக்கதிர், பொங்கல் கரும்பு. கெட்டியானது பிராக்கெட்டைப் பெயர்க்கும், ஒட்டுகிறது கம்பியை இழுத்து வளைக்கும். கடற்கரை தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலில் பட்டாணி மட்டும் ஓகே. முருங்கைக்காயைக் கடித்து இழுக்காமல் சதையை ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிடுங்கள். இவ்வளவு தெரிந்தும் ஒன்பதாம் நாள் அத்தை வீட்டில் "ஒன்னே ஒன்னு எடுத்துக்கோடா, ஒன்னும் ஆகாது" என்றதும் ஒரு தட்டையைக் கடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். தட்டை உடைந்த சத்தம் என்றுதான் நினைத்தேன், பிராக்கெட் கம்பியில் மணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

மஞ்சள் பற்றி ஒரு வார்த்தை. பிராக்கெட்டோடு கம்பியைக் கட்டுகிற குட்டி ரப்பர் வளையம் வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருந்தால் ஒரே சாம்பாரில் மஞ்சளாகிவிடும், தேய்த்தாலும் போகாது. பல் கறை பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அடுத்த தடவை புது வளையம் மாற்றுவார்கள். நம் சமையலுக்குச் சாம்பல் நிறமோ கருநீலமோ கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கன்னமும் உதடும்

பல் வலி குறைகிற நேரத்தில் உரசல் புண் ஆரம்பிக்கும். உள் உதடும் கன்னமும் பிராக்கெட்டோடு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். மெழுகுதான் இதற்கு ஆயுதம், ஆனால் பலர் ஈரப் பல்லில் ஒட்டிப் பார்த்து இது நிற்கவே இல்லை என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். கையைக் கழுவுங்கள், பட்டாணி அளவு எடுத்து விரல் சூட்டில் உருட்டுங்கள், பிராக்கெட்டைப் பஞ்சால் அல்லது டிஷ்யூவால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், அப்புறம் அழுத்துங்கள். சாப்பிடும் முன் எடுத்துவிடுங்கள். தெரியாமல் விழுங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது.

தூங்கப் போகும் முன் ஒரு தடவை வைப்பது நல்லது. வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட் மாட்டும் முன்னும் வையுங்கள். முழு முக ஹெல்மெட்டின் பக்கத்து மெத்தை கன்னத்தை அப்படியே பிராக்கெட் மேல் அழுத்துகிறது, அதோடு ஒரு குழியில் வண்டி இறங்கினால் கேட்கவே வேண்டாம். என் இடது கன்னப் புண்ணுக்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆனது.

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்தால் புண் சீக்கிரம் ஆறும். ஊறுகாய், எலுமிச்சை, காரக் குழம்பு கொஞ்ச நாள் ஓரமாக இருக்கட்டும். அம்மா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தார். ஆறியது கீரையாலா, நாள் போனதாலா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் எரியாமல் இறங்கிய ஒரே குழம்பு அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு புண் ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பேச்சு நாலைந்து நாள் ஒரு மாதிரி இருக்கும், ‘ஸ’ எல்லாம் விசிலடிக்கும். பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள், சரியாகிவிடும்.

தேய்ப்பது

வலிக்கிறது என்று முதல் வாரம் தேய்க்காமல் விடுகிறவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் சில வாரங்களிலேயே பல்லில் வெள்ளைத் திட்டு விழ ஆரம்பிக்கும், கிளிப்பைக் கழற்றிய பிறகு நேரான பல்லில் அதுதான் பளிச்சென்று தெரியும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட். பிரஷைச் சாய்த்து பிராக்கெட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, ஈறு ஓரம் ஒரு சுற்று, கம்பிக்கு அடியில் குட்டி பிரஷ். ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும். வெளியே இருக்கும்போது பிரஷ் இல்லாவிட்டால் தண்ணீரைப் பலமாகக் கொப்பளித்து, போன் கேமராவில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடுகும் கறிவேப்பிலையும் கம்பியில் மாட்டிக்கொள்வது போல வேறு எதுவும் மாட்டுவதில்லை, எதிரில் இருப்பவர் சொல்லவும் மாட்டார். ரோஸ்மில்க், கரும்புச்சாறு குடித்தால் உடனே வாய் கொப்பளியுங்கள்.

எப்போது டாக்டரைக் கூப்பிடுவது

கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் பென்சிலின் ரப்பர் முனையைக் கழுவி அதனால் மெதுவாகப் பல் பக்கம் தள்ளிப் பாருங்கள், தள்ள முடியாவிட்டால் மேலே மெழுகு வைத்துவிட்டுப் போன் செய்யுங்கள். பிராக்கெட் கழன்றால் பிடுங்காதீர்கள், வீட்டுப் பசை எதுவும் போடாதீர்கள், மெழுகால் அசையாமல் வைத்துவிட்டு அப்பாயிண்ட்மென்ட் வாங்குங்கள். ஒரு துண்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும், ஆனால் இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரே ஒரு பல் மட்டும் விண்விண் என்று தெறிக்கிறது, முகம் வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, அல்லது ஒரு வாரம் கழித்து வலி கூடுகிறது என்றால் அது சாதாரணக் கிளிப் வலி இல்லை. நிக்கல் ஒவ்வாமை இருப்பவர்கள், அதாவது கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகிறவர்கள், முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ வேறு பல் மருத்துவக் கல்லூரியிலோ போடுகிறவர்கள், உங்களைப் பார்க்கிற டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பார், புறநோயாளிப் பிரிவு எத்தனை மணி வரை என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். பிராக்கெட் கழன்ற அன்று போய் நின்றுகொண்டு கேட்டால் ஒரு நாள் வீண்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மதிய இடைவேளை போதாது, இப்போது மெதுவாகத்தான் சாப்பிட முடியும். டப்பாவில் அளவைக் குறைத்து, சின்ன இடைவேளைக்கு வாழைப்பழமோ மசித்த தயிர் சாதமோ தனியாகக் கொடுத்துவிடுங்கள். பந்து விளையாடுகிற பிள்ளை என்றால் வாய்க் கவசம் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த டைட்

நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி கூப்பிட்டுக் கம்பி மாற்றுவார்கள் அல்லது இறுக்குவார்கள். வலி திரும்ப வரும், ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும், புண் அவ்வளவாக வராது. நெய் ரோஸ்ட் பாடத்துக்குப் பிறகு நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: காலையிலேயே பருப்பும் ரசமும் தயார், ஐந்து மணிக்கு அப்பாயிண்ட்மென்ட் என்றால் மதியம் ஒரு மணிக்கு வயிறு நிறையப் பிரியாணி. பல்லைத் தேய்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் கம்பியைக் கழற்றும்போதே மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிவிடுவார்.